தேர்ந்தெடுக்கப்படாத படிவம்

டாக்டர் ரோஸிலி தெக்கேக்கர அன்று காலை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் பதினைந்தாவது ஸ்லைடைக் கையில் எடுத்தபோது மணி பத்தேகால். திருச்சூரில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அதுவரை வந்தவை எல்லாம் வழக்கமான ஆசாமிகள்தான்: பித்தப்பை, குடல்வால், ஒரு தைராய்டு. ஸ்லைடின் ஓரத்துப் பார்கோடை ஒளிக்கண்ணுக்குக் காட்டினால் நோயாளியின் பக்கம் திரையில் தானாகத் திறந்துகொள்ளும். எந்த உறுப்போ அதற்கான படிவத்தைத் தேர்ந்தெடுத்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதிலைத் தட்டிக்கொண்டே போனால் நாலு நிமிஷத்தில் அறிக்கை ரெடி.

பதினைந்தாவது, கழுத்தில் நெறி கட்டிய இடத்திலிருந்து ஊசி போட்டு எடுத்த சதை. தையல் நூல் அளவுதான் இருந்தது. அவர் முதலில் பெயரைப் பார்க்கவில்லை, ஸ்லைடைத்தான் பார்த்தார். சின்னச் சின்ன செல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செல்கள், ஒவ்வொன்றிலும் இரட்டைக் கண்கள் முழிப்பதைப்போல. இருபத்திரண்டு வருஷ அனுபவத்துக்கு இரண்டாவது பார்வை தேவைப்படவில்லை. லிம்ஃபோமா, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். எந்த வகை என்று சொல்லத்தான் சிறப்புச் சாயங்கள் வேண்டும்.

படிவத்தைத் தேர்ந்தெடுக்கத் திரைப்பக்கம் திரும்பியபோதுதான் பெயர் கண்ணில் பட்டது. சுபீஷ் கே.வி., ஆண், வயது 36.

ரோஸிலியின் கை கம்ப்யூட்டர் மவுஸின் மேல் அப்படியே நின்றது.

சுபீஷ் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தான். அந்த லேபின் மூத்த டெக்னீஷியன். மெழுகுக் கட்டியில் புதைத்த சதையைக் காற்றில் பறக்கிற மெல்லிசில் சீவுவதில் அவனுக்கு ஈடு அந்த மாவட்டத்தில் இல்லை என்று ரோஸிலியே பலரிடம் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு கேட்டான். பைக் சர்வீஸ் என்றான். பயாப்ஸிக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் தன் சதையைத் தானே மெழுகில் புதைத்து, தானே சீவி, தானே சாயமேற்றி, மற்ற ஸ்லைடுகளோடு தட்டில் அடுக்கி, "டாக்டரே, இன்னைக்கு முப்பத்தெட்டு" என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ரோஸிலி படிவங்களின் பட்டியலைப் பார்த்தார். புற்றுநோய்ப் படிவத்தைத் தொட்டால் ஒரே நொடியில் மூன்று காரியம் நடக்கும். கோழிக்கோட்டிலிருக்கும் இரண்டாவது டாக்டருக்குச் செய்தி போகும். லேபின் சுவரிலிருக்கும் பெரிய திரையில் அந்த எண்ணுக்கு நேராகச் சிவப்பு விழும். சிறப்புச் சாயத்துக்கான உத்தரவு டெக்னீஷியனின் மேஜைக்குப் போய், அங்கிருக்கும் குட்டி அச்சுப்பொறி எட்டு சீட்டுகளைத் துப்பும். சிறப்புச் சாயம் தெரிந்த டெக்னீஷியன் ஒரே ஒருவன். சுபீஷ்.

இந்த ஏற்பாட்டைச் செய்ததே அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் எல்லாம் கையெழுத்தும் தட்டச்சும்தான். வல்சலா சேச்சி டைப் அடித்து, அவர் திருத்தி, மறுபடி அடித்து, ஒரு அறிக்கை வெளியே போகப் பத்து நாள் ஆகும். ஒரு பெண்ணின் மார்பகக் கட்டி அறிக்கை, சாயத்துக்கு எழுதிய துண்டுச்சீட்டு எங்கோ சிக்கிக்கொண்டதால், இருபத்தாறு நாள் கிடந்தது. அதற்குப் பிறகு ரோஸிலி நிர்வாகத்தோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டி இந்த மென்பொருளை வாங்க வைத்தார். கம்பெனிக்காரப் பையன்கள் வந்து உட்கார்ந்தபோது, "சந்தேகம்னு நான் தொட்ட உடனே சாயம் ஆர்டர் ஆயிடணும். நடுவுல யாரோட ஞாபகத்தையும் நம்பக்கூடாது" என்று அடித்துச் சொன்னவரும் அவர்தான். இப்போது எதுவும் இரண்டு நாளைத் தாண்டுவதில்லை. "சாஃப்ட்வேர் வந்ததிலேர்ந்து டாக்டர் வீட்டுக்கு வெளிச்சத்துல போறாங்க, வாட்ச்மேனுக்கே அடையாளம் தெரியல" என்று சுபீஷ்தான் கேலி செய்வான்.

தொடாமல் விட்டால்? ஒரு மணி நேரத்துக்குமேல் திறந்தே கிடந்தால் லேப் திரையில் மஞ்சள் விழும். மூடிவிட்டால் 'பார்க்கப்படவில்லை' என்று லேபுக்கே திரும்பிப் போகும். சாதாரண வீக்கம் என்ற படிவத்தைத் தொட்டால் அது பொய்.

மென்பொருள் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். "ஒரே ஒரு கேஸை மட்டும் லேப் திரையிலேர்ந்து மறைக்க முடியுமா?"

"பண்ணலாம் மேடம்," என்றாள் ஒரு பெண். "ஒரு மெயில் போடுங்க. மூணு வேலை நாள்ல பார்த்துச் சொல்றோம்."

ஊசி போட்டு எடுத்த சர்ஜன் முரளீதரனைக் கூப்பிட்டார். ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர் நர்ஸின் கையிலிருந்த ஃபோனில் ஸ்பீக்கரில் பேசினார்.

"முரளி சாரே, நம்ம சுபீஷோட ஸ்லைடு என்கிட்ட இருக்கு. நல்லதா இல்ல. நீங்க அவனைக் கூப்பிட்டு முதல்ல ஒரு வார்த்தை சொல்லணும்."

"ரிப்போர்ட் எங்க?"

"சாயம் போடாம ரிப்போர்ட் முடியாது."

"போடச் சொல்லுங்க."

"போடறவனே அவன்தான் சாரே!"

மறுமுனையில் ஏதோ கருவி தட்டில் விழுந்தது. "ரோஸிலி, கையில பேப்பர் இல்லாம நான் அவன்கிட்ட என்னன்னு சொல்வேன்? என்ன வகை, என்ன மருந்துன்னு கேட்பான். நம்ம ஆளு, எல்லாம் தெரிஞ்சவன். ரிப்போர்ட் வரட்டும், நானே பேசறேன்."

மெழுகுக் கட்டியையே கோழிக்கோட்டுக்கு அனுப்பி அங்கே சாயம் போடச் சொல்லலாம் என்று தோன்றியது. கட்டிகள் இருக்கும் அலமாரியின் சாவி சுபீஷிடம். வெளியே போகிற கட்டிக்குக் கையெழுத்துப் போடுவதும் சுபீஷ். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனே நின்றான்.

ரோஸிலி கண்ணாடி வழியாகப் பார்த்தார். சுபீஷ் முதுகைக் காட்டி உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தான். பக்கத்து மேஜைப் பெண்கள் எதற்கோ சிரித்தார்கள், அவனும் ஏதோ சொன்னான். அப்புறம் தலையைத் தூக்கிச் சுவரிலிருந்த திரையைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்தான். ரோஸிலி சட்டென்று மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டார். பார்க்க ஒன்றுமில்லை. அதே செல்கள்தான். பாத்ரூம் போக வேண்டும்போல இருந்தது. போகிற வழி அவன் மேஜையைத் தாண்டித்தான். உட்கார்ந்தே இருந்தார். பதினாறாவது ஸ்லைடை எடுக்கவும் முடியவில்லை, எடுத்தால் இதை மூட வேண்டும். இந்த அறைக்கு ஒரே கதவுதான் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது.

பதினொன்றே கால் தாண்டி திரையின் ஓரத்தில் மஞ்சள் விழுந்தது.

ஐந்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. சுபீஷ் ஒரு கையில் பால் விடாத கட்டன் சாயாவும் மறு கையில் காகிதத்தில் சுற்றிய பழம்பொரியுமாக நின்றான்.

"டாக்டர் இன்னைக்கு பத்தரைச் சாயாவுக்கு வரல."

"வேலை இருந்தது சுபீஷே."

"ஒரே ஸ்லைடுலயா?" அவன் கோப்பையை மேஜையில் வைத்தான். "டாக்டரே, நான் ரெண்டு வருஷமா அந்தத் திரையைப் பார்த்துட்டிருக்கேன். நல்ல கேஸ்னா நாலு நிமிஷம். கெட்டதுன்னா அஞ்சு, உடனே சிவப்பு. ஒரு மணி நேரம் திறந்தே இருந்தது இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல."

"ஏன்டா என்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றார் ரோஸிலி. அதில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"சொல்லியிருந்தா டாக்டர் கை நடுங்கியிருக்கும். பேரு தெரியாம பார்க்கட்டும்னு நினைச்சேன். பேரு பக்கத்துலயே வருதுங்கறதை மறந்துட்டேன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சாயமேத்தினதும் நானும் மைக்ரோஸ்கோப்புல எட்டிப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா பதினாலு வருஷமா டாக்டர் எதைப் பார்த்தா புருவத்தைச் சுருக்குவாங்கன்னு தெரியும்."

"சாயம் போடாம எதையும் உறுதியா சொல்ல முடியாது."

"அப்போ தொடுங்க."

"நீ போடவேண்டாம். கட்டியை வெளியே அனுப்பலாம்."

"அந்த நூலையா? டாக்டரே, எட்டு சீவல் வேணும். வேற எவனாவது மெஷின்ல வெச்சான்னா பாதி முதல் வெட்டுலயே தூளாப் போயிடும். அப்புறம் என் கழுத்துல மறுபடி குத்துவாங்க." அவன் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். "என் சதையை வேறொருத்தன் வீணாக்க நான் விடமாட்டேன். தொடுங்க, ப்ளீஸ்."

அவர் தொட்டார்.

வெளியே குட்டி அச்சுப்பொறி கரகரத்தது. லேபிலிருந்த பெண்களில் ஒருத்தி சீட்டைக் கிழிக்கப் போய், பெயரைப் படித்து, கையை இழுத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றது. சுபீஷ் போய் எட்டுச் சீட்டுகளையும் தானே கிழித்தெடுத்தான்.

ரோஸிலி அறையிலிருந்து எழுந்து வந்து அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவன் கட்டியைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிரவிட்டு, புதுக் கத்தியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினான். மெழுகு நாடாவாக வந்தது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஏந்தினான். ஏழாவதை ஏந்தப் போனவன் நிறுத்தினான். பேன்ட்டில் கையைத் துடைத்தான்.

"நிம்மிக்குத் தெரியுமா?" என்று அவன் மனைவியைப் பற்றிக் கேட்டார் ரோஸிலி.

"நெறி கட்டியிருக்கு, மாத்திரை கொடுத்திருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சொல்லணுமே."

"ரிப்போர்ட் வரட்டும்," என்றான். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

எட்டாவதும் வந்தது. ஒன்றுகூட வீணாகவில்லை.

மறுநாள் காலை சாயமேறிய ஸ்லைடுகள் மேஜையில் இருந்தன. அந்தப் பெரிய செல்கள் பழுப்பாகத் தெளிவாக எழுந்து நின்றன. ஹாட்ஜ்கின் வகை. ரோஸிலி ஒரு நீண்ட மூச்சு விட்டார். லிம்ஃபோமாக்களில் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகை அது. கோழிக்கோட்டு டாக்டர் நஸீமா அரை மணியில் ஒப்புதல் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு அறிக்கை கையெழுத்தாகிப் போனது. முரளீதரன் நிம்மியையும் வரவழைத்து உட்காரவைத்துப் பேசினார். சுபீஷ் எதுவும் தெரியாதவனைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தானாம்.

சிகிச்சை ஆறு மாசம் நடந்தது. லேபுக்குத் தற்காலிகமாக ஒருத்தன் வந்தான். அவன் சீவியதில் மூன்றில் ஒன்று கிழிந்தது. ரோஸிலி மறுபடி இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனார். அன்று கேட்டதற்கு மென்பொருள் கம்பெனியிலிருந்து மெயிலில் பதில் வந்தது: மருத்துவமனை ஊழியர்களின் கேஸ்களை லேப் திரையில் காட்டாமல் செய்யலாம், ஆனால் அப்போது சாய உத்தரவைக் கையால்தான் எழுத வேண்டியிருக்கும். அவர் சுபீஷுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டார்.

"வேண்டாம் டாக்டரே. துண்டுச்சீட்டு மறுபடி எங்கயாவது சிக்கிக்கும். என்னை மாதிரி ஒருத்தன் கஷ்டப்பட்டுத் தெரிஞ்சுக்கட்டும், லேட்டாத் தெரிஞ்சுக்கறதுக்கு அது மேல்."

கம்பெனியின் மெயிலுக்குப் பதில் போடாமல் ரோஸிலி அதை இன்னும் திறந்தே வைத்திருக்கிறார்.

ஏழாவது மாசம் சுபீஷ் திரும்பி வந்தான். புருவம் பாதி முளைத்திருந்தது. ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஐந்து வருஷம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாரிடமும் பேசிவிட்டு ரோஸிலியின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"டாக்டரே, அதை நான் ஒரு தடவை பார்க்கணும்."

அவர் அவனுடைய ஸ்லைடை அலமாரியிலிருந்து எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தார். சுபீஷ் கண்ணை வைத்து, குமிழைத் திருகி, ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதுதானா?"

"அதுதான்."

அவன் ஸ்லைடைத் தானே எடுத்து, துடைத்து, உறையில் போட்டு அவரிடம் நீட்டினான். வெளியே அவன் மேஜையில் பதினாறு மெழுகுக் கட்டிகள் காத்திருந்தன.