வேன் வீட்டுக்கு வெள்ளோட்டம்

விளாங்குடியில் இன்னாசிமுத்துவின் பட்டறைக்குள் ஒரு பழைய பள்ளிக்கூட வேன் கொஞ்சம் கொஞ்சமாக வீடாகிக்கொண்டிருந்தது. லாரிக்கும் வேனுக்கும் கூண்டு கட்டுவது அவர் தொழில். ஊரார் வண்டிக்கெல்லாம் கூண்டு கட்டியவருக்கு, தன் குடும்பத்தை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடற்கரையில் தங்கவேண்டும் என்று வெகுநாள் ஆசை. வேனின் இருக்கைகளைக் கழற்றினார். மடக்கினால் பெஞ்சு, விரித்தால் கட்டில். பின்கதவைக் கீழே இறக்கினால் அடுப்பு மேடை. தலைக்கு மேலே தண்ணீர் டிரம், அதிலிருந்து ஒரு குழாய்.

இத்தனைக்கும் படம் வரைந்து கொடுத்தவள் மகள் ஜெனிஷா. பகலில் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு, மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்தாள். எதையும் இரண்டு தடவை அளப்பாள். அளந்த பிறகு, சரியாகத்தான் அளந்தோமா என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

வேனுக்கு எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தார். அம்மா அற்புதமேரி, டீச்சர்.

"ஒரே ஒரு ராத்திரி வாரேன். அந்த டப்பாக்குள்ள நான் தூங்கி எந்திரிச்சா வண்டி நம்மகிட்ட இருக்கட்டும். முடியாம நான் லாட்ஜுக்குப் போனேன்னு வைங்க, திங்கக்கிழமை கோழிக்கடை முத்திருளன் வந்து ஓட்டிட்டுப் போயிருவாரு. கோழி ஏத்த தோதா இருக்கும்னு நித்தமும் கேக்குறாரு."

"கோழிக்கா நான் கட்டில் போட்டேன், அற்புதம்?"

"அதுகளும் படுக்கணும்லப்பா" என்றான் தம்பி ஆலன்.

மே மாத விடுமுறையில் கிளம்பினார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர மாதா கோயில். பல ஊர்க் குடும்பங்கள் வேனும் லாரியுமாக வந்து, கோயிலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பை ஒட்டி அடுப்பு மூட்டி, இரண்டு மூன்று நாள் தங்கிப் போகும் இடம்.

டிரம்மையும் குழாயையும் ஜெனிஷா பட்டறையில் வைத்துப் பலமுறை சோதித்திருந்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வண்டி ஓடினால் தண்ணீரும் ஆடும் என்பது மட்டும் அவள் புத்திக்கு எட்டவில்லை. கோவில்பட்டி தாண்டுவதற்குள் மூடி தெறித்து, தண்ணீர் முழுக்க மெத்தைகளில் இறங்கிவிட்டது.

அப்பா தன் பங்குக்கு ஒன்று செய்தார். சித்திரைத் திருவிழாவுக்கு வைகை மணலில் வண்டி இறக்கிப் பழகிய கை. அலையைப் பார்த்தபடி நிறுத்தவேண்டும் என்று நேரே கடற்கரைக்குள் ஓட்டினார்.

"அப்பா, இது பொதபொதன்னு இருக்குப்பா!"

"போடா. ஆத்து மணல்ல லாரியே நிக்கும்."

வேனும் நின்றது. பின்சக்கரம் பாதி புதைந்து, அதற்கு மேல் போவேனா என்று நின்றது.

அற்புதமேரி இறங்கி, சொட்டிக்கொண்டிருந்த மெத்தையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தொலைவில் தெரிந்த மஞ்சள் கட்டடத்தைப் பார்த்தார்.

"ஆலன், அந்த லாட்ஜுல ரூம் இருக்கான்னு கேட்டுட்டு வா."

ஜெனிஷாவுக்கு வேனுக்குள் கோழிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. ஆலன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"இருக்கும்மா. கட்டிலு கூட காய்ஞ்சுதான் இருக்கு."

அப்பா பையை எடுக்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, தோப்போரம் நின்ற லாரியிலிருந்து இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். எழுமலையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ரெங்கம்மாள்.

"யக்கா, வண்டிக்குள்ள கொழாயெல்லாம் வச்சிருக்கீகளே! ஒரு கொடம் தண்ணி தாங்களேன். கோயில் தொட்டி காஞ்சு கெடக்கு, லாரித் தண்ணி நாளைக்குத்தானாம். புள்ளைக்குக் கஞ்சி காச்சணும்."

இல்லை என்று சொல்ல அற்புதமேரிக்கு வாய் வரவில்லை.

"இருங்க, தாரேன்" என்றவர், ஜெனிஷா பக்கம் திரும்பினார். "அந்தச் சட்டிய எடுடி. ஊத்துத் தோண்டுவோம்."

"கடக்கரையிலயாம்மா?"

"வைகைக் கரையில பொறந்தவ நான். மணலு இருந்தா தண்ணி இருக்கும்."

அலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தோண்டினார். சட்டென்று ஊறியது. பெருமையோடு ஒரு கை அள்ளி வாயில் விட்டவர், விட்ட வேகத்தில் துப்பினார்.

ரெங்கம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "யக்கா, கடலுக்கே கொழா போட்டுட்டீகளே!"

அம்மாவின் முகம் சிவந்தது. இனி லாட்ஜுதான் என்று ஜெனிஷாவுக்குத் தோன்றியது. ஆனாலும் சட்டியை வாங்கிக்கொண்டாள். கடலை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு குழி தோண்டி, ருசி பார்த்தாள். கரித்தது. இன்னும் தள்ளித் தோண்டினாள். உப்புக் குறைந்த மாதிரி இருந்தது. நாக்கு மரத்துப்போனதால் அப்படித் தெரிகிறதோ என்று சந்தேகம் வந்து ஆலனையும் குடிக்கச் சொன்னாள்.

"எனக்கு நாக்கே செத்துப்போச்சு. விட்ருடி" என்றான்.

அவள் விடவில்லை. மணல்மேட்டுக்குப் பின்னால் தாழம்புதர் ஓரத்தில் தோண்டிய குழியில் தண்ணீர் மெதுவாக, தெளிவாக ஊறியது. குடித்தாள். மறுபடியும் குடித்தாள்.

"அம்மா, இதுல உப்பு இல்லன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, நெசமாவே இல்லையா?"

"நெசமாவே இல்லம்மா."

அற்புதமேரி ஒரு கை குடித்தார். கண்ணை மூடி இன்னொரு கை குடித்தார். பிறகு, பள்ளி மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டார். "ரெங்கம்மா! கொடத்தக் கொண்டா!"

பொழுது சாய்வதற்குள் தோப்பிலிருந்த குடங்களெல்லாம் புதருக்கு வந்துவிட்டன. டீச்சர் சேலையைச் சொருகிக்கொண்டு ஊற்றுக்குத் தலைமை ஏற்றார். "வரிசையில வாங்க! கலக்காம மொண்டு எடுங்க! இந்தா, செவப்புச் சட்ட, காலக் கழுவாத!" வேனின் பின்கதவு மேடையில் ஒரு பக்கம் ரெங்கம்மாளின் கஞ்சி, மறுபக்கம் மீன்குழம்பு. கூரைமேல் விரித்த மெத்தைகளைக் கடல்காற்று மொரமொரவென்று காயவைத்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா மெல்லக் கேட்டார். "அற்புதம், லாட்ஜு சாவிய வாங்கியாரச் சொல்லவா?"

"நான் அங்க போயிட்டா என் ஊத்த யாரு பாக்குறது?"

அன்றிரவு வேனுக்குள் மூன்று பேர் தூக்கம் வராமல் கிடந்தார்கள். நான்காவது ஆள் விட்ட குறட்டைதான் காரணம். அதைக் கேட்கக் கேட்க அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

காலையில், முந்தின நாள் குடம் நிரப்பிய வீட்டு ஆண்களெல்லாம் சேர்ந்து வேனைத் தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டார்கள். வண்டி தார்ச்சாலை ஏறியதும் முன்னிருக்கையிலிருந்து அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஏடி ஜெனி, அடுத்த வாட்டி அந்த டிரம்மக் கீழ வை."

அப்பா தேவையே இல்லாமல் ஹாரனை ஒருமுறை அடித்தார்.

ஜெனிஷா ஆலனின் காதருகே குனிந்தாள். "அடுத்த வாட்டின்னுதான சொன்னாங்க?"

"ஆமா. திரும்பக் கேட்டு மாத்திப்புடாத, வாய மூடு."

அவள் வாயை மூடிக்கொண்டு, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுச் சாண் போட்டு அளந்தாள். டிரம் போகும் போலிருந்தது. மறுபடியும் அளந்தாள்.