இடக்கை மோதிர விரல்

எலோதியின் இடக்கை மோதிர விரல் முதன்முதலாகச் சொன்னபடி கேட்காமல் போனது பிரான்ஸின் லியோன் நகரில், ஒரு இசை ஒத்திகையின் நடுவில். நிமிர வேண்டிய இடத்தில் உள்ளே மடங்கி, மேற்கத்தியப் புல்லாங்குழலில் துளையை மூடும் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மேலே நிற்க வேண்டிய ஸ்வரம் சறுக்கிக் கீழே விழுந்தது. பக்கத்து நாற்காலியில் வயலின் வாசித்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளிர் காரணமாக இருக்கும் என்று கையைத் தேய்த்து விட்டுக்கொண்டாள்.

காரணம் குளிர் இல்லை என்பது காரைக்காலுக்கு வந்த பிறகு தெரிந்தது. சித்திரை வெயில் கொளுத்தியது. விரல் அப்போதும் மடங்கியது.

அப்பா சிங்காரவேலன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்திருந்தாள். ஆனாலும் மாடி அறையில் தினமும் வாசித்துப் பழகினாள். ஃபிரான்க் என்ற இசையமைப்பாளர் அவளுக்காகவே எழுதிய புதுப் படைப்பு, பிரான்ஸில் கோடை வந்ததும் அரங்கேறவிருந்தது. இத்தனை வருடமாக அவள் வாசித்து வந்ததெல்லாம் இந்த மாதிரிப் புது இசைதான். குழலுக்குள் வெறும் மூச்சைச் சீறவிடுவாள். ஒரே ஊதலில் இரண்டு ஸ்வரம் எழுப்புவாள். ஊதிக்கொண்டே தொண்டையிலிருந்து குரலும் கொடுப்பாள். பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் ஒருநாள் கூடையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"ஐயா, மாடியில யாருக்கோ மூச்சு முட்டுது பாருங்க!"

"எம் பொண்ணுதாம்மா. அதுக்கு பிரான்ஸ்ல டிக்கெட் வாங்கி வந்து கைதட்டுறாங்க" என்று கட்டிலிலிருந்தே அப்பா சிரித்தார்.

எலோதிக்குச் சிரிப்பு வரவில்லை. இட்லியைப் பிட்டுப் பார்த்தாள், சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்தாள், போனில் தட்டிப் பார்த்தாள். விரலில் ஒரு குறையும் இல்லை. குழலை எடுத்தால் மட்டும் மடங்கியது. வேறு யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு இழுப்பதுபோல் இருந்தது. போகப் போக, குழல் பெட்டியைத் திறக்கும் முன் வேறு ஏதாவது வேலையைத் தேடிக்கொள்ள ஆரம்பித்தாள்.

கடைசியில் ஹஃபீஸாவிடம் போனாள். பள்ளியில் ஒன்றாகப் படித்தவள், இப்போது ஊரிலேயே நரம்பு டாக்டர். ஹஃபீஸா முதலில் ஒரு பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னாள். விரல் ஒழுங்காக இருந்தது.

"இப்ப குழலை எடு. ஊதுற மாதிரி வச்சுக்க."

குழல் உதட்டை நெருங்கியதுமே, தொட்டுவிட்ட மரவட்டை மாதிரி விரல் மெல்லச் சுருண்டது. ஹஃபீஸா அதைப் பிடித்து நிமிர்த்தினாள். விட்டதும் மறுபடி சுருண்டது.

"வலிக்குதா?"

"இல்லை. வலிச்சாக்கூடத் தேவலைன்னு இருக்கு."

"விரல்ல ஒண்ணும் இல்லை எலோதி. ஒரே வேலையை வருஷக்கணக்கா செஞ்சதுல மூளை அந்த விரலைச் சரியா அடையாளம் காண முடியாமக் குழம்பிக்குது. வாத்தியம் வாசிக்கிறவங்களுக்கு வர்றதுதான்."

"சரியாயிடுமா?"

ஹஃபீஸா பேனாவை எடுத்து மூடி வைத்தாள். "பொய் சொல்ல மாட்டேன்டி. சில பேருக்குத் தேறுது. நிறைய பேரு பழையபடி வாசிக்கல. பிரான்ஸ்ல இதுக்குன்னே டாக்டருங்க இருப்பாங்க, போயிப் பாரு. மொதல்ல வாசிக்கிறதை நிறுத்து. பிடிவாதமாப் பழகப் பழக இன்னும் மோசமாகும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தான் யார் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை ஃபிரான்க் வீடியோவில் கூப்பிட்டார். நடுப்பகுதியைக் கேட்க வேண்டுமாம். நெட் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் கேட்கிறது, வாசி என்றார். வாசித்தாள். நீண்ட ஸ்வரம் ஒன்று நடுங்காமல் நிற்க வேண்டிய இடத்தில் விரல் மடங்கியது. ஸ்வரம் உடைந்து விழுந்தது. முதுகில் வியர்வை வழிய, குழலை இறக்கித் திரையைப் பார்த்தாள்.

ஃபிரான்க் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"அந்த விழுதல்!" என்றார் பிரெஞ்சில். "அதை நான் எழுதவே இல்லையே. எங்கே பிடித்தாய்? அப்படியே வைத்துக்கொள்."

தப்பித்தோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அடுத்த மூச்சிலேயே உடம்பு சில்லிட்டது. நாளை இன்னொரு விரலும் மடங்கும். இவர் அப்போதும் கண்ணை மூடி ரசிப்பார். அரங்கத்தில் அத்தனை பேர் முன்னால் அவள் மூழ்கிக்கொண்டிருப்பாள், அவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

"ஃபிரான்க், அது நான் வாசித்ததில்லை" என்றாள். கையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் திரைக்கு அருகே குனிந்து அந்த விரலைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த விழுதலை எழுதிக்கொள்ளட்டுமா? உன் நினைவாக இருக்கட்டும்" என்றார்.

இறந்தவளிடம் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"வேண்டாம். அது என் நோய்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

அந்த வாரமே அரங்கேற்றம் சிமோன் என்ற இளம் கலைஞருக்குப் போனது. செய்தி வந்ததும் கீழே இறங்கி அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்பா, என்னால வாசிக்க முடியலைப்பா. கை போயிடுச்சு."

அவர் அவள் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பயமா இருக்காம்மா?"

"ரொம்ப."

"எனக்கும்தான். காலை ஊனி நடங்கன்னு டாக்டர் சொல்லி நாளாச்சு. கீழ காலை வச்சாலே நடுங்குது. உங்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு வலி, வலின்னு படுத்திருக்கேன்."

அன்று சாயங்காலம் அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தார்.

எலோதி லியோனுக்குத் திரும்பினாள். வாத்தியக்காரர்களின் கையைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் போய்வருகிறாள். ஊதக்கூடாது, குழலை மடியில் வைத்து ஒற்றைக் கீயைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. சில நாள் விரல் நிமிர்ந்தே இருக்கிறது, சில நாள் உள்ளே மடங்கிக்கொள்கிறது. இன்றைக்கு எப்படி என்று தெரியாமலே தினமும் காலையில் பெட்டியைத் திறக்கிறாள்.