வெள்ளித்தாளுக்குள் சிவப்புக் கார்

1

இந்தக் கதை ஒரு குறிப்பாகத்தான் பிறந்தது. பொம்மைக் கார்ப் பிரியர்களுக்காகப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "ரிமோட் காரின் பேட்டரியையும் எலக்ட்ரானிக்ஸையும் தண்ணீரிலிருந்து காப்பாற்றுவது எப்படி? ஒரு பக்கம் போதும்" என்றார். நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். 'பேட்டரி இணைப்புகளில் கிரீஸ் தடவுங்கள்.' கிரீஸ் என்று எழுதியதும், சேரம்பாடிப் பக்கம் நான் வளர்ந்த தேயிலை எஸ்டேட்டின் ஃபேக்டரி வாசனை மூக்கில் ஏறிக்கொண்டது. பின்னாலேயே ஜெஸிந்தாவும் வந்து உட்கார்ந்துவிட்டாள். எழுப்பி அனுப்ப மனசு வரவில்லை.

2

ஆரம்பம் (அ): தேயிலைச் சரிவுகளின் மேல் மூடுபனி ஒரு வெள்ளைப் போர்வையைப்...

(வேண்டாம். இது காலண்டரில் தொங்கட்டும்.)

ஆரம்பம் (ஆ): தேயிலை விலை விழுந்த வருடங்களில் ஃபேக்டரியை மூடினார்கள். பாக்கிங் ரூமில் இருந்த ஜெஸிந்தாவுக்கும், ரோலர் மெக்கானிக்காக இருந்த அவள் கணவன் சில்வஸ்டருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று.

இது போதும். காலைச் சங்கு ஊதாததால் லைன் வீடுகளில் நேரமே தெரியாமல் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கை எவ்வளவு திட்டியிருப்போம்! இப்போது ஒரு தடவை கேட்டால் தேவலை என்றிருக்கிறது.

[அடிக்குறிப்பு: தூள் சலிக்கும் நாட்களில் கொடியில் காயும் துணியில்கூடத் தேயிலை வாசனை இருக்கும். கதைக்கு இது தேவையில்லைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.]

3

பங்களாவைக் காலி செய்த மேனேஜரின் மனைவி, இவர்கள் மகள் ஸ்டெபிக்கு ஒரு சிவப்பு ரிமோட் காரைக் கொடுத்துவிட்டுப் போனாள். நன்றாக ஓடும், ஈரம் பட்டால் நின்றுவிடும். ஆனி மாதத்தில் எங்கள் பக்கம் ஈரம் படாத இடத்துக்கு எங்கே போவது? வாசல் குட்டையில் இறங்கியதுமே கம்மென்று நின்றுவிட்டது. அடுப்போரம் காயவைத்தால் மறுபடி ஓடும்.

சில்வஸ்டருக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை சொல்லியிருந்தார்கள். பெட்டியும் கட்டியாயிற்று. ஸ்டெபி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, மழையில ஒருக்கா ஓட்டிக் காமிச்சிட்டுப் போங்கப்பா."

"அதுக்கென்ன அம்முணி? இது மழையில ஓடுனாத்தான் அப்பா பஸ் ஏறுவேன். போதுமா?"

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் சில்வஸ்டர் சொன்னால் சொன்னதுதான். அடுப்படியில் நின்ற ஜெஸிந்தாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

(இந்த இடத்தில் சில்வஸ்டர்மேல் எனக்கே சந்தேகம். வேலையில்லாத மனுஷன் பொம்மைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போடுவானா? போடுவான். அவனுக்கும் போக மனசில்லை.)

4

ஃபேக்டரி கிரீஸை இணைப்புகளில் தடவினான். பேட்டரிப் பெட்டியின் விளிம்பை, மாதா கோவிலுக்கு வாங்கி வைத்த மெழுகுவத்தியை உருக்கி அடைத்தான். சர்க்யூட் அட்டையை எதில் பொதிவது என்றுதான் தெரியவில்லை.

"ஏனுங்க, நம்ம தூள் போடற வெள்ளித்தாள் பை இருக்குதில்லீங்க? கப்பல்ல போனாலும் சொட்டு ஈரம் உள்ள போகாதுங்க" என்றாள் ஜெஸிந்தா.

"அட, ஊட்டுலயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடிட்டிருக்கறேன் பாரு!"

பிளாஸ்டிக்குக்கு நடுவே அலுமினியம் வைத்த பை அது. வருடக்கணக்காக அதை மடித்துப் பழகிய கை அவளுடையது. அட்டையையும், அதிலிருந்து வால்போல நீண்டிருந்த ஆண்டெனாக் கம்பியையும் சேர்த்துச் சுருட்டி ஒட்டினாள். வயர் வெளியே வரும் வாயை அவன் மெழுகால் அடைத்தான். வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

கார் ஓடவும் இல்லை. வீட்டுக்குள், காய்ந்த தரையில்கூட.

சில்வஸ்டர் பேட்டரியை மறுபடி சார்ஜ் போட்டான். மோட்டாரைப் பிரித்தான். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டான். பையை மட்டும் தொடவில்லை. ஜெஸிந்தா மடித்ததில் குறை இருக்குமென்று அவனுக்குத் தோன்றவே இல்லை. காலை பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகத் திருப்பூரிலிருந்து கடை போனுக்குத் தகவல் வந்தது.

5

குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஜெஸிந்தாவுக்கு அது ஞாபகம் வந்தது. பாக்கிங் ரூமில் ஒருநாள், தூள் படாமலிருக்கத் தன் டிரான்சிஸ்டரை வெள்ளித்தாள் பைக்குள் போட்டாள். பாட்டு சட்டென்று அடங்கிவிட்டது. வெளியே எடுத்தால் பாடியது. அன்று பெண்களெல்லாம் உள்ளே விட்டு, வெளியே எடுத்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அலுமினியத்துக்குள் ரேடியோ அலை போகாது. ரிமோட் அனுப்புவதும் அதே அலைதான்.

கரண்டி கையிலேயே நின்றது. சொன்னால் கார் ஓடிவிடும். ஓடினால் அவன் போய்விடுவான். அவன் இல்லாத வீட்டை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

6

முடிவு (அ): சொல்லிவிடுகிறாள். பையைப் பிரித்து, அட்டையை ஒரு பலூனுக்குள் விட்டு வாயைக் கட்டி, கம்பியை வெளியே நீட்டுகிறார்கள். கார் குட்டையில் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு ஓடுகிறது. ஸ்டெபி கத்துகிறாள். சில்வஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு...

முடிவு (ஆ): சொல்லவில்லை. திருப்பூரில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஆடி பிறந்தும் சில்வஸ்டர் காரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஜெஸிந்தா அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவி...

(இரண்டையுமே என்னால் முடிக்க முடியவில்லை.)

7

குறிப்பு எங்கே என்று நண்பர் கேட்கிறார். எல்லாம் எழுதிவிட்டேன். கிரீஸ், மெழுகு, பலூன், ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றித் துடைப்பது வரை. ஆண்டெனாவை எங்கே விடுவது என்ற வரியை மட்டும் எழுதவில்லை. அதை எழுதினால் சில்வஸ்டர் பஸ் ஏறிவிடுவான்.

வெளியே மழை கொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை. அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான்.

"ஏம்மா ஜெஸி, எங்க தப்புன்னு உனக்கு ஏதாச்சும் தோணுதா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறாள். அவன் காத்திருக்கிறான். அந்த வரி இப்போது உங்களுக்கும் தெரியும். சொல்வதானால் நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள்.