நம்ம படம்

“கிளட்ச்சை டக்குனு விடாதீங்க, மெதுவா, மெதுவா!” என்று நான் கத்திக்கொண்டிருந்தபோதுதான் தம்பியின் போன் வந்தது. வண்டி ஓட்டப் பழக வந்த பல் டாக்டர் பதறிப்போய் நடுரோட்டில் எஞ்சினை அணைத்துவிட்டார். “அக்கா, நம்ம படம் செலக்ட் ஆயிடுச்சு! பெரிய விழாக்கா, போட்டிப் பிரிவு!” என்று அவன் அழுதான். நானும் அழுதேன். பின்னால் ஹாரன் அடித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மறுபடியும் அழுதேன்.

முதல் நாளிலிருந்தே அவன் அப்படித்தான் சொல்வான், நம்ம படம் என்று. என் வீட்டில்தான் எடுத்தான். பகலெல்லாம் நான் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இருப்பேன். சாயங்காலம் வந்தால் ஹாலில் நாலு விளக்கு நிற்கும், கழுவாத டீ கிளாஸ் குவிந்து கிடக்கும். கதை என்னடா என்றால், “ஒரு அம்மாவோட கதைக்கா” என்பான். ‘எங்க படம்’ என்று சொல்லியிருந்தால் சுருக்கென்று தைத்திருக்கும், நாலு கேள்வி கேட்டிருப்பேன். ‘நம்ம’ என்றவனிடம் என்ன கேட்பது?

அன்று சாயங்காலமே விழாக்காரர்கள் வெளியிட்ட, படத்தின் ஒரு நிமிடத் துண்டைக் குடும்பத்துக்கே அனுப்பினான். என் கட்டிலில், என் பழைய நைட்டியில், ஒரு நடிகை உட்கார்ந்திருந்தாள். “மூணு மாசம் இவ அழுதுட்டே இருந்தா. ஒரு நாள் தலையணையைக் கையில எடுத்துட்டேன்” என்றாள்.

அது என் வாக்கியம். கட்டினவரிடம்கூடச் சொல்லாதது. ஒரு மழை நாளில், வண்டிக்குள் உட்கார்ந்து, கூடப்பிறந்தவன்தானே என்று அவனிடம் மட்டும் சொன்னது. எடுத்த தலையணையைச் சுவரில் வீசிவிட்டு, கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, விடிகிறவரை தெருவில் நடந்தேன் என்று மீதியையும் சொல்லியிருந்தேன். நடிகை மீதியைச் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, இவன் பாத்திரம்கூடக் கழுவாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

கேக்கோடு வந்தான். கேக்கை வாங்கி வைக்காமல், “அந்த வரியை எடுத்துடு” என்றேன்.

“அந்த ஒரு இடத்துக்காகத்தான்க்கா எடுத்துக்கிட்டாங்க.”

“அவளுக்குப் பதினாலு வயசுடா. புத்தி தெரிஞ்ச பிள்ளை.”

“உன் பேரு எங்கயாவது வருதா? எந்த அம்மாவும் சொல்லக்கூடிய விஷயம்தானே.”

“அப்ப எந்த அம்மாகிட்டயாவது போய்க் கேட்டிருக்க வேண்டியதுதானே!”

“கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்கக்கா.”

அவன் அதைத் திமிராகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னான். அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

“மீதியையும் சொன்னேனேடா. அதையாவது வச்சியா?”

“அது வந்தா மனசு லேசாயிடும்க்கா. படம் நிக்காது.”

“நம்ம படம்னு சொன்னல்ல? அப்ப நான் சொல்றேன், வெட்டு.”

கேக்கை அவனே மேசைமேல் வைத்தான். பிறகு, “இது என் படம்க்கா” என்றான்.

“வெளிய போடா” என்றேன். போனான். மூடிய கதவைப் பார்த்து, அவன் காதில் விழட்டும் என்றே இன்னும் கொஞ்சம் கத்தினேன். திரும்பினால், மகள் தன் அறை வாசலில் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“அது நானாம்மா?”

பொய் வாய் வரைக்கும் வந்தது. “ஆமா” என்றேன்.

“அப்புறம் என்ன பண்ண?”

சொன்னேன். சுவரில் வீசியதை, தோளில் போட்டதை, தெருத் தெருவாக நடந்ததை. சத்தியமாக நடந்ததுதான். ஆனால் சொல்லச் சொல்ல, அந்த நிமிடத்துக்காக ஜோடித்துச் சொல்வதுபோல எனக்கே கேட்டது.

அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மாமா படத்துல அது இல்லையே” என்றாள்.

என் அறைக்குள் போய், கட்டில் மேல் இருந்த இரண்டு தலையணைகளையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைக் கடந்து தன் அறைக்குப் போனாள்.