இரண்டாம் நம்பர் ஹெல்மெட்

தையல் டேப்பை நெற்றியைச் சுற்றிக் கொண்டுவந்து, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இழுத்துப் பிடித்தபோது கொண்டை குறுக்கே வந்தது.

"அவுத்துத் தொலையேன்டி, அளவெடுக்கணும்" என்றாள் ஸ்டோரக்கா.

"வேணும்னா தலையக் கழட்டித் தரேன். கொண்டைய அவுக்க மாட்டேன். இத ஏத்திக் கட்டறதுக்குள்ள தெனமும் எனக்கு விடிஞ்சிரும்" என்றாள் கொண்டைக்காரி.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கொண்டையோடு சேர்த்து ஒரு அளவு, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அளவு என்று இரண்டையும் ஸ்டோரக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள். அறுபத்திரண்டு, ஐம்பத்தாறு.

குடிநீர் அலுவலகத்தின் பின்கட்டில், ரப்பர் வாஷர் நாற்றமும் பித்தளைக் குழாய்களின் பச்சை வாடையும் கலந்த அந்த ஸ்டோர் ரூமில் அவள் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் ஸ்டோரக்கா. சீட்டு இல்லாமல் ஒரு வாஷர்கூட அவள் கையிலிருந்து பெயராது. கறார்க்காரி என்று பேர். அந்தக் கறாரெல்லாம் கொண்டைக்காரியிடம் மட்டும் செல்லாது. பதினாலு மீட்டர் ரீடர்களில் அவள் ஒருத்தி. வீடு வீடாகப் போய், தரையில் பதித்த இரும்பு மூடியைத் தூக்கி, கரப்பானைத் தட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்த்து எழுதி வருகிற வேலை. சுற்று முடிந்து மூன்று மணிக்கு வந்தால் நேராக ஸ்டோர் ரூமுக்குத்தான் வருவாள். அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை, எந்த வீட்டு நாய் எண்ணைப் படிக்கும்வரை பொறுத்திருந்து பிறகு கடிக்க வருகிறது என்றெல்லாம் சொல்வாள். ஏழு வருஷமாக ஸ்டோரக்கா வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்த மூன்று மணிக்குத்தான்.

சந்துகளில் வண்டி நுழையாது என்பதால் அவர்களுக்கெல்லாம் ஆபீஸ் சைக்கிள். சைக்கிள் ஓட்டுகிறவர்களும் ஹெல்மெட் போட்டாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் அதிகாரி ஸ்டோரக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மூணு சாம்பிள் வந்திருக்கு. ஆளுங்களுக்குக் குடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. எது சௌகரியம்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

நீங்களே என்ற சொல் அவளுக்கு வீடு வரைக்கும் இனித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இதைக் கொடு, அதை எடு என்றுதான் சொல்லியிருக்கிறார்களே தவிர, உனக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்டதில்லை. அதனால்தான் மறுநாள் வீட்டிலிருந்து தையல் டேப்பை எடுத்துவந்தாள்.

ஒன்றாம் நம்பர் பார்வைக்கு லட்சணம். பளபளவென்று, ஓட்டை ஒடிசல் இல்லாமல், உரித்துவைத்த முட்டை மாதிரி. உள்ளே பேருக்கு ஒரு ஸ்பாஞ்சு. எல்லாத் தலைக்கும் ஒரே அளவு. மூன்றாம் நம்பர் காதை மூடியது. "இதப் போட்டா பின்னாடி லாரி வர்றதும் கேக்காது, மாமியார் திட்டறதும் கேக்காது. வீட்டுக்கு வேணா ஒண்ணு குடுங்கக்கா" என்றாள் ஒருத்தி. இரண்டாம் நம்பர்தான் விஷயம் தெரிந்தவன் செய்தது. பின்மண்டையில் சின்னதாக ஒரு திருகு. திருகத் திருக உள்வளையம் தலைக்குத் தக்கபடி இறுகியது. காற்று போக நீள நீளமாகப் பிளவுகள். வார்கள் காதுக்குக் கீழே வந்து சேர்ந்தன. தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போனால் சரியான இறுக்கம். பின்புறம் கொஞ்சம் ஏற்றி வெட்டியிருந்ததால் கொண்டைக்கும் இடமிருந்தது. கொண்டைக்காரி அதை மாட்டிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் உலுக்கியபடி முற்றத்தைச் சைக்கிளில் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"போட்டிருக்கறதே தெரியலக்கா!"

பன்னிரண்டு பேர் இரண்டாம் நம்பர் என்றார்கள். ஸ்டோரக்கா இரண்டு பக்கத்துக்குக் காரணங்களை எழுதி அதிகாரியிடம் நீட்டினாள். அவர் படிக்கவில்லை. அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்துப் போட்டார். 'ஊழியர்கள் அணிந்து பார்த்து, வசதியாக இருப்பதாகத் தெரிவித்த மாதிரி எண்' என்று இருந்த இடத்தில் எண் எழுதியிருக்கவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். போட்டாள்.

மூன்று வாரம் கழித்து வந்த பெட்டியைப் பிரித்தபோது உள்ளே பதினாலு முட்டைகள் பளபளத்தன. ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு அதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

"சார், இது ஒண்ணாம் நம்பர். நாம சொன்னது..."

"ரெண்டாவதுல ஓட்டை ஓட்டையா இருக்கும்மா. ஆபீஸ் சின்னத்த எங்க ஒட்டறது? முன்பக்கம் வழவழன்னு இருந்தாத்தான போட்டோவுல தெரியும்?"

"அவங்களுக்கு நெத்தியில அழுத்துது சார்."

"புதுச் செருப்பு கடிக்கறதில்லையா? பழகினா சரியாயிடும்." சொல்லிக்கொண்டே கோப்பைத் திருப்பிக் காட்டினார். வேண்டுமென்று காட்டினாரா, தற்செயலாகத் திருப்பினாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எண் இருக்கும் இடத்தில் ஒன்று என்று நீல மையில் எழுதியிருந்தது. அடியில் அவள் கையெழுத்து. எதையும் படித்துப் பார்க்காமல் வாங்காதவள், கொடுக்காதவள் என்று பேரெடுத்தவள், ஹெல்மெட்டோடு திரும்பி வந்தாள்.

படம் எடுத்தார்கள். பதினாலு நெற்றியிலும் சின்னம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு வாரத்தில் பதினாலு நெற்றியிலும் சிவப்புக் கோடு விழுந்தது. சிலர் உள்ளே துணியைச் சுருட்டி வைத்தார்கள். கொண்டைக்காரிக்கு அதுவும் சரிப்படவில்லை. "குனிஞ்சு மீட்டரப் பாத்தா மூக்குக்கு வருது, நிமிந்தா முதுகுக்குப் போவுது. இத நான் போட்டிருக்கேனா, இது என்னப் போட்டிருக்கான்னே தெரியலக்கா" என்றாள். அப்புறம் அதை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சுற்றி, ஆபீஸ் வாசலுக்கு முந்தின திருப்பத்தில் மட்டும் தலையில் வைத்துக்கொண்டு வரத் தொடங்கினாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு நாள் சிரிக்காமல் வந்து, அரைத்தாளில் எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுத்தாள். உருண்டை உருண்டையான எழுத்து. தலைவலி வருகிறது, பார்வையை மறைக்கிறது, மாற்றித் தர வேண்டும்.

"மேல அனுப்பறேன், வச்சிட்டுப் போ" என்றாள் ஸ்டோரக்கா.

அனுப்பவில்லை. மேசை டிராயரில் சீட்டுப் புத்தகங்களுக்கு அடியில் போட்டாள். அனுப்பினால், வசதியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது யார் என்று முதல் கேள்வி வரும். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான். ஒரு மாசம் போகட்டும், எல்லாரும் சேர்ந்து கேட்டால் அப்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். "லெட்டர் என்னாச்சுக்கா?" என்று கொண்டைக்காரி இரண்டு தடவை கேட்டாள். "மேல போயிருக்குடி" என்று இரண்டு தடவையும் சொன்னாள்.

நிறுத்தியிருந்த காரிலிருந்து யாரோ பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார்கள். காலை பத்தரை மணி. சந்து முனையில், நடைபாதைக் கல் விளிம்பில் கொண்டைக்காரியின் இடதுபக்கத் தலை மோதியது. சைக்கிளின் முன்சக்கரம் வளைந்துபோயிருந்தது. ஹேண்டில்பாரில் தொங்கிய ஹெல்மெட்டில் ஒரு கீறலும் இல்லை.

உயிர் பிழைத்தாள். மண்டையோட்டில் உள்ளங்கை அளவுக்கு எடுத்துவிட்டு மூளை வீக்கம் வடியக் காத்திருக்கிறார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். ஸ்டோரக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே தெரிந்த கட்டுப்போட்ட தலை யாருடையது என்றே சொல்ல முடியவில்லை. கேட்டாலொழிய யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கேட்காமல் திரும்பினாள்.

பத்தாம் நாள் விசாரணை. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதற்கு முன்னால் அதிகாரி அவளை வராந்தாவில் நிறுத்தி, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஹெல்மெட் சரியில்லன்னு புகார் வந்து, நாம ஒண்ணும் பண்ணாம விட்டிருந்தா ஆபீஸ் பொறுப்பு. புகாரே வரலன்னா, போடாம போனது அவங்க அலட்சியம். செலக்ட் பண்ணினது நீங்க. ஞாபகம் வச்சுக்கிட்டுப் பேசுங்க."

கடிதம் அவள் கைப்பையில் இருந்தது. காலையிலேயே டிராயரிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். கொடுக்கத்தான் எடுத்தாள், சத்தியமாகக் கொடுக்கத்தான். வந்தவர்களில் வயதானவர் மரியாதையாக நாற்காலி காட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்த மரியாதை முகம் மாறிவிடுமே என்ற ஒரு எண்ணம், அவ்வளவுதான், நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

"ஹெல்மெட்டப் பத்தி அவங்க உங்ககிட்ட ஏதாச்சும் புகார் குடுத்தாங்களாம்மா?"

"இல்ல சார்."

"வாய்வார்த்தையா?"

"இல்ல."

எழுதிக்கொண்டார். மற்ற பதின்மூன்று பேரையும் கேட்டார்கள். அதிகாரி அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால் அவர்களும் பழகிவிட்டது என்றே சொன்னார்கள். ஸ்டோரக்கா கழிவறைக்குப் போய்க் கடிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டுத் தண்ணீரை விட்டாள். ஒரு துண்டு மட்டும் போகாமல் சுற்றிச் சுற்றி மேலே வந்தது. தொட்டி மறுபடி நிரம்பும்வரை காத்திருந்தாள்.

வேலை நேரத்தில் பட்ட அடிக்கான ஈட்டுத்தொகை கிடையாது என்று உத்தரவு வந்தது. அடுத்த வாரம் கொண்டைக்காரியின் புருஷன், லிப்ட் மெக்கானிக், சைக்கிள் சாவியையும் சீருடையையும் ஒப்படைக்க ஸ்டோர் ரூமுக்கு வந்தார். ஷேவ் செய்யாத முகம். விரலிடுக்கில் கிரீஸ் கறை. பொருள்களை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். தெனமும் நெத்தியில தழும்போட வருவா. தைலம் தேச்சு விட்டது நான். ஏன்டி ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானன்னு கேட்டா, ஸ்டோரக்காகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன், அது பாத்துக்கும்னு சொல்லுவா. உங்ககிட்ட குடுக்கலியா?"

அதுவரை அவள் சொன்ன பொய்யெல்லாம் காகிதத்துக்கும் அதிகாரிகளுக்கும் சொன்னது. இது முகத்துக்கு நேரே.

"எங்கிட்ட எதுவும் குடுக்கலியே தம்பி."

அவர் அவளையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நம்பிவிட்டார். "பயந்துகிட்டு எழுதாமலே எங்கிட்ட எழுதினேன்னு சொல்லியிருக்கா போல, அசடு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சீருடையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

இரண்டு மாதத்தில் புது ஹெல்மெட்டுகள் வந்தன. அத்தனையும் இரண்டாம் நம்பர். விபத்துக்குப் பிறகு மேலிடத்தில் யாருக்கோ உறைத்திருந்தது. ஊழியர் நலனில் அக்கறை காட்டியதற்காக அதிகாரிக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. பின்மண்டைத் திருகை ஒவ்வொருத்திக்கும் ஸ்டோரக்காவே இறுக்கிக் கொடுத்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த பெண், கொண்டைக்காரியின் சைக்கிளில் வருகிறவள், தலையை உலுக்கிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ சொகமா இருக்கு! மொதல்லயே இத வாங்கியிருக்கலாமேக்கா?" என்றாள். பக்கத்தில் நின்ற பழைய ஆட்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்டோரக்கா கொண்டைக்காரியின் வீட்டுக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினாள். இரண்டு பஸ் மாறி, பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு, படியேறும்போது சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மெக்கானிக் கதவைத் திறந்து, "வாங்கக்கா, நீங்க ஒருத்தராச்சும் வந்தீங்களே" என்றார்.

கொண்டைக்காரி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். முடி விரற்கடை அளவுக்கு வளர்ந்திருந்தது. இடதுபக்கம் தலை பள்ளமாக உள்வாங்கியிருந்தது. ஸ்டோரக்காவைப் பார்த்ததும் பளிச்சென்று சிரித்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது என்று ஸ்டோரக்காவின் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது, மறுகணம் பயத்தில் உறைந்தது.

"உக்காருங்க மேடம்" என்றாள் கொண்டைக்காரி. "டீ சாப்பிடறீங்களா?"

"நான்தான்டி."

"நீங்கதானா?" என்று அவள் சந்தோஷமாகக் கேட்டாள். "ரொம்ப தூரத்துலேர்ந்தா வர்றீங்க?"

"எல்லார்கிட்டயும் இப்படித்தான்க்கா" என்றார் மெக்கானிக், தாழ்ந்த குரலில். "எங்கிட்டயும்தான். நாள் ஆக ஆகத் தேறும்ங்கறாங்க."

தயார் செய்துகொண்டு வந்த வாக்கியத்தை யாரிடம் சொல்வது? கேட்க வேண்டியவளுக்குக் கேட்காது. கேட்கக்கூடியவர் டீ போட உள்ளே போயிருந்தார். டம்ளரோடு அவர் திரும்பி வந்தபோது, "பழம் குடுங்க அவளுக்கு" என்று மட்டும் சொன்னாள். டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு எழுந்தாள்.

தெருவில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் கொண்டைக்காரி கையசைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டோரக்காவின் கை தானாக உயர்ந்தது. ஒரு லாரி குறுக்கே வந்து நின்று, புகையைக் கக்கிவிட்டு நகர்ந்தது. அது போன பிறகும் ஜன்னலில் அந்தக் கை அசைந்துகொண்டுதான் இருந்தது, போகிற லாரிக்கு, குடையோடு வந்த கிழவருக்கு, யாருமில்லாத தெருவுக்கு.