மூன்று தப்பு

என் வகுப்பில் சனிக்கிழமைதோறும் மூன்று தப்பு உண்டு. மலையாளம் பேசும் கரமனையில் எங்கள் வீட்டு மாடியில், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். சுவரில் தொங்கும் காந்தப் பலகையில் ஓர் ஆட்டத்தை நகர்த்திக் காட்டும்போது, வேண்டுமென்றே மூன்று இடத்தில் விதியை மீறுவேன். குதிரையை நேர்கோட்டில் ஓட்டுவேன். கறுப்புக்கு அடுத்தடுத்து இரண்டு முறை ஆடிவிடுவேன். முதலில் கை தூக்குகிற பிள்ளைக்கு ஒரு கடலை மிட்டாய். அந்த வாரத்துத் தப்புகளை வகுப்புக்கு முன்பே சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டுவிடுவேன். கடைசியில் ஒரு பிள்ளை அதை எடுத்து வாசிக்கும். டீச்சரின் தப்பைப் பிடிப்பதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த வயதில் இல்லை. இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத பிள்ளைகூடப் பலகையைவிட்டுக் கண்ணெடுக்காது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, ஐந்து தப்பு பிடித்தார்கள்.

அன்று சீட்டை வாசித்தது ஆர்ஷா. ஒன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்தவள். வாசித்து முடித்ததும் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"டீச்சரே, இதுல மூணுதான் உண்டு."

"அப்போ மத்த ரெண்டும் டீச்சருக்க சொந்தத் தப்பு," என்றான் அவள் பக்கத்தில் இருந்த அகில். "அதுக்கும் மிட்டாய் உண்டுல்லா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு மிட்டாய் கூடுதலாகக் கொடுத்தேன்.

அந்த இரண்டில் ஒன்று, மூலையில் நிற்கும் காயைக் கோணலாக நகர்த்தியது. எங்கள் வீட்டுத் தமிழில் அது யானை, நேராகப் போகும். பிள்ளைகளின் மலையாளத்தில் ஆன என்றால் யானைதான், ஆனால் அது வேறு காய், கோணலாகப் போகும். இரண்டு பாஷையும் வாயில் புழங்குகிறவளுக்கு இது சகஜம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வகுப்பு நடத்தும் இந்தப் பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட நேராதது ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

என் கணவர் ஹரிகுமார், போன வாரம் ஸ்கூட்டர் சாவியைத் தான் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத் தேடிய கதையைச் சொல்லிச் சமாதானப்படுத்தினார். ஆனால் அவருக்குச் சாவி காணவில்லை என்று தெரிந்திருந்தது. எனக்குத் தப்பு செய்ததே தெரியவில்லை. வேண்டுமென்று செய்கிற தப்பில் விரல் ஒரு கணம் தயங்கும். சரியானது எது என்று தெரிந்த விரல் அது. அந்த இரண்டிலும் விரல் தயங்கவே இல்லை.

அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. ரசத்துக்கு இரண்டாம் முறை உப்புப் போட்டபோது அவள் கை எவ்வளவு நிதானமாக இருந்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. மூன்று வருடம் கழித்து, தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த என்னிடம், நீ யாருக்க மவ என்று அன்பாகக் கேட்டாள். எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று.

டாக்டரிடம் போகலாம் என்று ஹரி சொன்னார். பார்க்கலாம் என்றேன். எனக்குச் சனிக்கிழமைகள் போதுமாக இருந்தன. ஒன்பது ஜோடிக் கண்கள், டப்பாவில் ஒரு சீட்டு. அதைவிடக் கறாரான பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கும்? அடுத்த வாரம் நான்கு. அதற்கடுத்த வாரம் ஐந்து. ஒவ்வொரு கை உயரும்போதும், இது சீட்டில் உள்ளதா என்று நெஞ்சு முதலில் கேட்கும். அதன் பிறகுதான் வாய் "சபாஷ்" என்று சொல்லும்.

ஓண விடுமுறை முடிந்து வந்த சனிக்கிழமை, மூன்றே மூன்று.

சீட்டை நானே வாங்கி இரண்டு தடவை வாசித்தேன். அன்று மாலை சாலைக் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கிலோ கடலை மிட்டாய் வாங்கினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுதேன். அடுத்த வாரமும் மூன்று. ஹரி என்னைக் கேட்காமலே டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தார். வேண்டாம் என்று நானே போன் செய்து சொன்னேன்.

மூன்றாவது வாரம் வந்தது. மூன்று தப்பையும் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். பாடம் முடியச் சிறிது நேரம் இருந்தது. ஒரு காயை நகர்த்திவிட்டுத் திரும்பினேன். ஆர்ஷாவின் கை பாதி உயர்ந்திருந்தது. என் கண்ணைப் பார்த்ததும் அந்தக் கை தலைக்குப் போய், ரிப்பனைச் சரிசெய்வதுபோல் நடித்தது. அகில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவள் அவனைப் பார்த்து வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்து, என்ன என்று கேட்டேன். அவள் பலகையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"மூணு கழிஞ்சா டீச்சருக்க முகம் பேடிச்சு பயந்த மாதிரி ஆவுது. அதான், டீச்சருக்க விரல் கொஞ்சம் நின்னு நவுத்துற அந்த மூணுக்கு மேல யாரும் கை தூக்கண்டாம்னு வச்சோம்."

"யாரு சொல்லித் தந்தா?"

"ஆரும் இல்ல. நாங்களே."

போன வாரமும் அப்படித்தானா என்று கேட்டேன். தலையசைத்தாள். அதற்கு முந்தின வாரமும். எத்தனை என்று கேட்டேன். அகில்தான் சொன்னான். "போன வாரம் ஏழு, டீச்சரே." அவள் அவன் காலை மிதித்தாள்.

ஒன்பது முகங்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டப்பாவிலிருந்து சீட்டை எடுத்து, பின்பக்கத்தில் நான்கு என்று எண் போட்டேன். இதை இன்றைக்கே ஹரியிடம் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் கொடுக்க மாட்டேன்.

"சொல்லு மக்களே," என்றேன். "டீச்சர் எழுதிக்கிடுதேன். நாலாவது எது?"

ஆர்ஷா எழுந்தாள். எட்டாது என்று ஸ்டூலை இழுத்துக்கொண்டு பலகையை நோக்கிப் போனாள். ஆறு வயதுப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாத அளவுக்கு வெளிப்படையான தப்பு. அவள் விரல் போய்த் தொடும் முன் நானே கண்டுபிடித்துவிட வேண்டும். வரிசை வரிசையாக, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன்.

என் கண்ணுக்கு எல்லாக் காய்களும் சரியான இடத்தில்தான் இருந்தன.