பென்சிலால் அழித்த கோடு

சிவப்பிரகாசத்துக்கு எதையும் சட்டென்று முடிவு செய்து பழக்கமில்லை. தீபாவளிக்குச் சட்டைத்துணி எடுக்கக் கடலூருக்குப் போனவன், நீலமா பழுப்பா என்று கடைக்காரனின் உயிரை வாங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தான். அப்படிப்பட்ட ஆளின் கையில் ஒரு கேமரா கிடைத்தால் வீடு என்ன பாடுபடும் என்று அவன் பெண்டாட்டி கனகத்தைத்தான் கேட்க வேண்டும்.

நெய்வேலியில் அவனுக்கு ஸ்டோர்ஸ் குமாஸ்தா வேலை. இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. சின்ன குவார்ட்டர்ஸின் குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, சிவப்பு பல்பு மாட்டி, அதைத்தான் இருட்டறையாக்கி வைத்திருந்தான். அவன் படம் கழுவ உள்ளே போய்விட்டால் வீட்டில் ஒருத்தரும் குளிக்க முடியாது.

பொங்கலுக்குக் கிளப்பில் போட்டோப் போட்டி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு படம்தான். அன்று சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். செகண்ட் ஷிப்டுக்குப் போகவேண்டியவன், காலையிலிருந்து கட்டில் முழுக்கப் படங்களைப் பரப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் ஒரே காட்சிதான். சுரங்கம் தோண்டும்போது எடுத்த மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த பெரிய மண்மேடு. அதன் அடியில் கலியனின் டீக்கொட்டகை. மத்தியானச் சங்கு ஊதியதும் கான்ட்ராக்டில் மண் சுமக்கும் பெண்கள் அந்தக் கீற்று நிழலில் ஒதுங்கித் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். கனகத்தின் தங்கை தனமும் அவர்களில் ஒருத்தி. பெண்கள் கூடிச் சிரித்துக்கொண்டு சாப்பிட, பின்னால் மேடு கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்பைக் கண்டுதான் அவன் சொக்கிப்போனான்.

மேட்டை வெட்டிவிட்டுப் பெண்களை மட்டும் வைப்பதா, முழுசாக வைப்பதா? வானத்தை வெளுப்பாக விடுவதா, இருட்டடிப்பதா? ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு படம் போட்டிருந்தான்.

"எல்லாம் ஒண்ணாட்டம்தானே இருக்குது. கண்ணை மூடிக்கினு ஒண்ணை எடுத்துக் குடுங்களேன்" என்றாள் கனகம்.

"உனக்குப் புரியாதுடி."

"எனக்குப் புரிய வேணாம். நான் குளிக்கணும்."

முதலில் எடுத்த படத்தில்தான் வெட்டுவதா வேண்டாமா என்ற குழப்பம். அது தீராமல், போன வாரம் மழை விட்டதும் போய் அதே காட்சியை வேறு இடத்தில் நின்று மறுபடி எடுத்து வந்திருந்தான். அந்த இரண்டாவது நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மேட்டின் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு.

சே, இதிலும் கீறலா என்று அலுத்துக்கொண்டான். முதல் நெகட்டிவிலும் இதேபோல ஒன்று இருந்தது. ஸ்டூடியோக்காரர்கள் கல்யாணப் பெண்ணின் முகத்தில் இருக்கும் அம்மைத் தழும்பை நெகட்டிவிலேயே பென்சிலால் பூசி மறைப்பார்கள். அவனும் அப்படியே கூர்சீவிய பென்சிலால் பூசி அந்தக் கோட்டை ஒழித்துக் கட்டியிருந்தான். படத்தில் மேடு வழவழவென்று விழுந்தது. தன் கைத்திறமையைத் தானே மெச்சிக்கொண்டான்.

இப்போதும் பென்சிலை எடுத்தான். கை அந்தரத்தில் நின்றது.

பிலிம் கேமராவுக்குள் உரசியிருந்தால், கீறல் இரண்டிலும் ஒரே இடத்தில் நேராக விழுந்திருக்க வேண்டும். முதல் படத்தில் மேடு இடதுபக்கம், கோடும் இடதுபக்கம். இதில் மேடு வலதுபக்கம், கோடும் கூடவே வலதுபக்கம் வந்திருந்தது. அதுவும் வளைந்து வந்திருந்தது. முதல் நெகட்டிவில் பாதி மேட்டோடு நின்ற கோடு, இதில் கொட்டகைக்கு நேர் மேலே வரை இறங்கியிருந்தது.

கீறல் பிலிமில் இல்லை. மண்மேடு வெடித்திருக்கிறது.

அப்போதும் புத்தி இரண்டுபட்டது. ஐயய்யோ என்று கத்தலாமா? ஒருவேளை மழைத்தண்ணி ஓடின தடமாக இருந்தால்? ஊரே சிரிக்காதா? பர்மனென்ட் ஆகிற நேரத்தில் இந்த வம்பு தேவையா? ஆபீசரிடம் சொல்லலாம், அவர் கேட்பாரா? பென்சிலைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். கனகம் அடுக்களையிலிருந்து, "தனம் இந்நேரம் சோத்துக்கு உக்காந்திருப்பா. சாயந்திரம் இங்க வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

அதைக் கேட்டதும் அவன் கட்டிலில் கிடந்த அத்தனை படங்களையும் ஒரே வாரலாக வாரி ஓரமாக எறிந்தான். வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள் என்று இருட்டறைக்குள் போனான். இரண்டாவது நெகட்டிவை முழுசாக, ஒரு ஓரம்கூட வெட்டாமல், கோடு கன்னங்கரேலென்று விழும்படி அச்சுப் போட்டான். காய விடவில்லை. ஈரப்படத்தோடு சைக்கிளில் ஏறி மிதித்தான். அப்படி அவன் மிதித்துக் கனகம் பார்த்ததேயில்லை.

கொட்டகையில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து பொடிமண் கீற்றின்மேல் சரசரவென்று உதிர்ந்தது. எலி ஓடுகிறது என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எழுந்திரிங்க! எல்லாரும் வெளிய வாங்க! மேடு வெடிச்சிருக்கு!" என்று சைக்கிளைப் போட்டுவிட்டுச் சிவப்பிரகாசம் கத்தினான்.

கலியன் ஈரப்படத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு கம்பத்தில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினான். அவன் ஆசையாகக் கேட்டு வாங்கிய முதல் படம். "இன்னா சார் விளையாடுறீங்க? இதுவும் நீங்க எடுத்ததுதானே? இதுல ஒரு கோடும் காணோமே."

"அதுல நான்தான்யா அழிச்சேன்! பென்சிலால பூசி அழிச்சேன்! அழகா இருக்கணும்னு அழிச்சேன்!"

மேஸ்திரி பழனிசாமி பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். "படத்துல அழிக்கிறவருக்குப் படத்துல போடவும் தெரியும். வேலையைக் கெடுக்க நீ யாரு? பர்மனென்ட் ஆவணுமா வாணாமா?"

சிவப்பிரகாசம் கம்பத்தைப் பார்த்தான். நியாயமான கேள்வி. அவனே வாயடைத்துவிட்ட படம் அங்கே கம்பத்தில் தொங்குகிறது.

தனம்தான் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஒரு சட்டைத்துணி எடுக்க ஒரு நாள் முழுக்க யோசிக்கிறவரு எங்க மாமா. அவரு இப்படி அடிச்சிக்கினு ஓடியாந்து கத்துறாருன்னா எனக்குப் பயமா இருக்குடி. காந்திமதி, எழுந்திரு. சட்டியை அப்புறம் எடுத்துக்கலாம்."

ஒருத்தி எழுந்தாள். பிறகு எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே ரோட்டுக்கு அப்பால் வந்து நின்றார்கள். கலியனையும் தனம் தோளைப் பிடித்து இழுத்து வந்தாள். எல்லோரும் மேட்டைப் பார்த்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது. மேடு சும்மா நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பழனிசாமி பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, "ஆபீசுக்கு எழுதணும், உன் முழுப்பேரு என்னா?" என்று கேட்டார்.

"பால் பொங்கிடும்" என்று கலியன் ரோட்டைத் தாண்டி ஓடினான். "கலியா, போகாதே!" என்று சிவப்பிரகாசம் கத்தினான். "இதோ இறக்கி வச்சிட்டு வந்துடுறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே அவன் கீற்றுக்குள் குனிந்து நுழைந்தான்.

எல்லாக் கண்ணும் சிவப்பிரகாசத்தின் முகத்தில் இருந்தது. அவமானத்தில் காது எரிந்தது. விழுந்து தொலையேன், விழுந்து தொலையேன் என்று அவன் அந்த மேட்டைப் பார்த்து மனசார வேண்டிக்கொண்டிருந்தான். கொட்டகைக்குள் கலியன் இருக்கிறான் என்பது அவனுக்கு உறைத்தபோது, மேட்டின் உச்சியில் நின்ற புதர் மெல்லச் சாய்ந்தது.